நான் வரைந்த படத்துக்கு நானே அனுமதி கேட்டேன்

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்கான பாடக் கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது, இரண்டு அலைகள் குறுக்கிட்டுச் சில இடங்களில் வலுப்பதையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதையும் காட்டும் படம் ஒன்று தேவைப்பட்டது. அப்படியொரு படத்தை நான் முன்பே வரைந்திருந்தேன். ஆய்வகத்தில் எடுத்த அளவீடுகளைப் புள்ளி புள்ளியாக இட்டு, கோடுகளின் தடிமன் வரை பார்த்துப் பார்த்து அமைத்த படம் அது. என் ஆய்வுக் கட்டுரை ஒன்றில் மூன்றாவது படமாக வெளிவந்திருந்தது. அதையே கையேட்டில் சேர்த்தேன். கையேட்டைச் சரிபார்த்த நண்பர் ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்: “இந்தப் படத்துக்கு அனுமதி வாங்கிவிட்டீர்களா?”

நான் வரைந்த படத்துக்கு நான் யாரிடம் அனுமதி வாங்குவது என்று சிரித்துக்கொண்டே கட்டுரையைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தின் அடியில், பதிப்புரிமைக் குறிக்குப் பக்கத்தில், ஆய்விதழை நடத்தும் பதிப்பகத்தின் பெயர் இருந்தது. பதிப்பகத்தின் தளத்தில் அனுமதி கோருவதற்கென்றே ஒரு படிவம் இருந்தது. நீங்கள் இந்தக் கட்டுரையின் ஆசிரியரா என்று அது கேட்டது, ஆம் என்றேன். எத்தனை படங்கள், எந்த வடிவம், எத்தனை படிகள், எந்த மொழி என்று அடுத்தடுத்துக் கேட்டது. எவ்வளவு பேர் வேண்டுமானாலும் விலையின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம், படியெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று நான் எழுதியதும் அந்தப் படிவத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியொரு விடைக்கு அதில் இடமே இல்லை. தனியே மின்னஞ்சல் எழுதினேன். மூன்று வாரம் கழித்து, கையேட்டின் படிகளுக்கு உச்சவரம்பு வைத்தால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. கையேட்டின் நோக்கமே வரம்பில்லாமல் பரவுவதுதான் என்பதால் அந்தப் படத்தைக் கைவிட்டு, வேண்டுமென்றே சற்று வேறுபடுத்தி வேறொன்றை வரைந்து சேர்த்தேன். பழைய படமே தெளிவாக இருந்தது என்பதை இன்றும் ஒப்புக்கொள்கிறேன்.

இதில் முதல் குற்றவாளி நான்தான். கட்டுரை ஏற்கப்பட்டது என்ற செய்தியோடு பதிப்புரிமை மாற்றப் படிவம் ஒன்றும் வந்திருந்தது. மாதக்கணக்கில் மதிப்பாய்வாளர்களின் கேள்விகளுக்கு விடை எழுதிக் களைத்திருந்த அந்த நாளில், எதை நீட்டியிருந்தாலும் கையெழுத்திட்டிருப்பேன். கட்டுரையையும் அதிலுள்ள படங்கள், அட்டவணைகள் அனைத்தையும் எல்லா மொழிகளிலும் எல்லா வடிவங்களிலும், இனிமேல் கண்டுபிடிக்கப்படவிருக்கும் வடிவங்கள் உட்பட, வெளியிடும் உரிமையை நான் முழுமையாக ஒப்படைக்கிறேன் என்று அதில் இருந்தது. ஈடாக எனக்குக் கிடைத்த பணம் எதுவுமில்லை; நான் எதிர்பார்க்கவும் இல்லை.

எதிர்பார்க்காததற்குக் காரணம் உண்டு. கதை எழுதுபவருக்கும் ஆய்வுக் கட்டுரை எழுதுபவருக்கும் இடையிலான வேறுபாடு அந்த இடத்தில்தான் இருக்கிறது. கதையாசிரியர் தம் நூலின் விற்பனையால் வாழ வேண்டியவர். அவருடைய எழுத்தை விலையின்றித் திறந்துவிடு என்று கேட்பது அவருடைய பிழைப்பில் கைவைப்பதாகும். ஆய்வாளருக்கோ சம்பளம் வேறிடத்திலிருந்து வருகிறது. அவர் வேண்டுவது, தம் முடிவைப் பிறர் படிப்பதும் பயன்படுத்துவதும், முதலில் கண்டவர் இவர் என்று ஏற்றுக்கொள்வதும்தான். ஆய்வுக் கட்டுரைகளை எல்லாரும் விலையின்றிப் படிக்கவும் பயன்படுத்தவும் திறந்துவிட வேண்டும் என்று கேட்கும் திறந்த அணுகல் இயக்கம் எழுத்தாளர்களின் உழைப்பைத் திருடச் சொல்கிறது என்று குறை கூறுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. தாமாகவே ஊதியம் வேண்டாமென்று கொடுப்பவரின் எழுத்தைப் பற்றித்தான் அந்த இயக்கம் பேசுகிறது.

ஆய்விதழ் என்ற அமைப்பே அறிவை வெளியே கொண்டுவருவதற்காகத் தோன்றியதுதான் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முரண். பதினேழாம் நூற்றாண்டில் கண்டுபிடிப்பாளர்கள் தங்கள் கண்டுபிடிப்பைப் பிறர் பறித்துக்கொள்வார்களோ என்று அஞ்சி, அதை ஒரு வாக்கியமாக எழுதி, எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக வெளியிடும் வழக்கம் இருந்தது. சனிக்கோளைச் சுற்றி வளையம் இருப்பதை 1656இல் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் இப்படித்தான் மறைத்து அறிவித்து, 1659இல் விடுவித்தார். சுருள்வில்லின் நீட்சி அதன்மேல் செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676இல் கலைந்த எழுத்துகளாக வெளியிட்டு, 1678இல்தான் பொருள் சொன்னார். இந்த அச்சத்துக்கு மருந்தாக அமைந்தது, லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் தொடங்கிய ஆய்விதழ். கடிதத்தில் வந்த கண்டுபிடிப்பைத் தேதியோடு அச்சிட்டுவிட்டால், மறைப்பவரைவிட முதலில் சொல்பவருக்கே புகழ் என்றாகிவிடுகிறது. மறைத்துக் காத்த உரிமையைச் சொல்லிக் காக்கலாம் என்று மாற்றிக் காட்டியதுதான் அந்த ஏற்பாட்டின் சாதனை.

அந்த ஏற்பாடு பூட்டாக மாறியது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கதை. அரசுகள் ஆய்வுக்குப் பணத்தைக் கொட்டத் தொடங்கின, கட்டுரைகள் பெருகின, கற்றறிந்தோர் சங்கங்களின் பழைய இதழ்களால் அவற்றைத் தாங்க முடியவில்லை. 1951இல் பெர்கமான் பதிப்பகத்தைக் கையில் எடுத்த ராபர்ட் மேக்ஸ்வெல், ஒவ்வொரு சிறு துறைக்கும் ஒரு பன்னாட்டு இதழைத் தொடங்கிக்கொண்டே போனார். 1991இல் அவர் அதை எல்சேவியர் என்ற பெரும் பதிப்பகத்துக்கு விற்றபோது விலை 44 கோடி பவுண்டு. அவர் கண்டுகொண்டது எளிய உண்மை. எந்த ஆய்வுக் கட்டுரைக்கும் மாற்றுக் கட்டுரை கிடையாது. ஒரு கடையில் அரிசி விலை ஏறினால் வேறு கடைக்குப் போகலாம். குறிப்பிட்ட ஒரு நோயைப் பற்றிய குறிப்பிட்ட கட்டுரை வேண்டுமென்றால் அது இருக்கும் இதழை வாங்கியே ஆக வேண்டும். வாங்குவது நூலகம், கேட்பது ஆய்வாளர். கேட்பவருக்கு விலை தெரியாது. எழுதுபவருக்கும் ஊதியம் இல்லை, தரம் பார்க்கும் மதிப்பாய்வாளருக்கும் ஊதியம் இல்லை. இலாபம் பெருகாமல் என்ன செய்யும்? இன்று இத்துறையின் மிகப் பெரிய பதிப்பகம் ஈட்டும் இயக்க இலாபம் வருவாயில் 35 சதவீதத்துக்கும் மேல். உலகின் செல்வம் மிகுந்த பல்கலைக்கழகமான ஹார்வர்டின் ஆசிரியர் குழுவே 2012 ஏப்ரலில், ஆண்டுக்கு ஏறத்தாழ 37.5 லட்சம் டாலர் வரை வளர்ந்துவிட்ட இதழ்ச் சந்தாவை இனித் தாங்க முடியாது என்று எழுத்தில் அறிவித்தது. ஹார்வர்டுக்கே இந்த நிலை என்றால் ஏனைய நூலகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பூட்டிய கட்டுரையால் உண்மையில் யாருக்கு என்ன கேடு என்று கேட்பவர்களிடம் நான் லைபீரியாவைப் பற்றிச் சொல்வேன். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, அந்த நோய் அந்தப் பகுதிக்கே புதியது என்றுதான் உலகம் நம்பியது. லைபீரியாவில் மட்டும் 4,800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறுஆண்டு ஏப்ரலில் அந்நாட்டின் தலைமை மருத்துவ அலுவலரும் வேறு இருவரும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய கட்டுரை ஒன்று, 1982இலேயே ஐரோப்பிய ஆய்வாளர்கள் நச்சுயிரியல் ஆய்விதழ் ஒன்றில் லைபீரியாவை எபோலா நிலவும் நாடுகளில் சேர்க்க வேண்டும் என்றும், அங்குள்ள மருத்துவப் பணியாளர்கள் விழிப்போடு இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்ததை வெளிக்கொணர்ந்தது. அப்படிப்பட்ட ஒரு கட்டுரையைத் தரவிறக்க 45 டாலர். அந்நாட்டு மருத்துவர் ஒருவரின் ஏறத்தாழ அரை வாரச் சம்பளம்.

இந்தக் கதையைத் திறந்த அணுகலின் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் குறை. அந்த மூவரும் இன்னொன்றையும் எழுதியிருந்தார்கள்: அந்த ஆய்வுகள் எதிலும் லைபீரிய அறிவியலாளர் எவரும் உடன் ஆசிரியராக இல்லை, வந்தவர்கள் இரத்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி, அங்கேயே முடிவுகளை வெளியிட்டுவிட்டார்கள். கட்டணம் இல்லாதிருந்தால் மட்டும் அந்தக் கட்டுரை உரியவர் கண்ணில் பட்டிருக்குமா என்பது ஐயமே. இருக்கிறது என்று தெரியாத ஒன்றை யாரும் தேடுவதில்லை. பூட்டைத் திறப்பது முதல் வேலை. எந்த மண்ணிலிருந்து அறிவு எடுக்கப்பட்டதோ அந்த மக்களை ஆய்வில் சேர்த்துக்கொள்வதும், அவர்கள் படிக்கும் மொழியில் அதைக் கொடுப்பதும் அதைவிடக் கடினமான வேலைகள். எனினும் முதல் வேலை முடியாமல் மற்றவை தொடங்கவே மாட்டா.

பூட்டைத் திறக்கும் வேலையைச் சத்தமில்லாமல் முதலில் செய்து காட்டியவர்கள் இயற்பியலாளர்கள். அச்சில் வருவதற்கு முன்பே கட்டுரையைப் படியெடுத்து நண்பர்களுக்கு அஞ்சலில் அனுப்பும் பழக்கம் அவர்களிடம் நெடுநாளாக இருந்தது. 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய பால் கின்ஸ்பார்க் அந்தப் பழக்கத்தை ஒரு கணினிக்கு மாற்றினார். அஞ்சல் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு மட்டும் கிடைத்துவந்தது, அதன்பிறகு கணினி உள்ள எல்லாருக்கும் கிடைத்தது. இன்று ஆர்க்சைவ் என்று அறியப்படும் அந்தக் களஞ்சியத்தில் 2022 தொடக்கத்தில் இருபது லட்சம் கட்டுரைகள் சேர்ந்திருந்தன. கணிதத்தின் புகழ்பெற்ற புதிர்களில் ஒன்றான புவான்கரே ஊகத்துக்கு கிரிகோரி பெரல்மான் கண்ட நிறுவல், 2002 நவம்பர் தொடங்கி அங்கேதான் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அவர் அதை எந்த இதழுக்கும் அனுப்பவேயில்லை. எந்தப் பதிப்பகமும் ஆர்க்சைவால் மூடப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்பதிப்பைத் திறந்து வைத்தால் இதழ்கள் அழிந்துவிடும் என்ற பேச்சுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலான விடை அது.

இயக்கத்துக்குப் பெயரும் இலக்கணமும் கிடைத்தது 2001 டிசம்பரில் புடாபெஸ்ட் நகரில் கூடிய சிறு குழுவால். 2002 பிப்ரவரி 14 அன்று வெளிவந்த அவர்களுடைய அறிக்கை திறந்த அணுகலுக்கு வகுத்த வரையறையை, இந்தத் துறையில் பேசும் எல்லாரும் ஒருமுறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். படித்தல், தரவிறக்குதல், படியெடுத்தல், பிறருக்கு வழங்குதல், அச்சிடுதல், தேடுதல், மென்பொருளுக்குத் தரவாகக் கொடுத்தல், சட்டத்துக்கு உட்பட்ட வேறு எந்தப் பயனுக்கும் எடுத்துக்கொள்ளுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ஆசிரியருக்கு எஞ்சுவது, படைப்பைச் சிதைக்காமல் காக்கும் உரிமையும், தம் பெயர் சரியாகக் குறிப்பிடப்படும் உரிமையும். அதாவது, விலையின்றிப் படிக்கக் கிடைப்பது திறந்த அணுகலில் ஒரு பகுதிதான். என் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுரை நாளையே பதிப்பகத்தின் தளத்தில் எல்லாரும் படிக்கும்படி திறந்துவிடப்பட்டாலும், என் கையேட்டில் அந்தப் படத்தைச் சேர்க்க எனக்கு உரிமை வந்துவிடாது. படிக்கும் வாயில் திறந்திருக்கும். எடுக்கும் கை கட்டப்பட்டிருக்கும்.

சை-ஹப் பற்றி நண்பர்களோடு எனக்கு நடக்கும் வாக்குவாதமும் இங்கேதான் முடிகிறது. கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பக்யான் 2011இல் தொடங்கிய அந்தத் தளம், கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்த கோடிக்கணக்கான கட்டுரைகளை உரிமையாளரின் இசைவில்லாமல் திறந்துவிட்டது. எல்சேவியர் தொடுத்த வழக்கில் 2017இல் அமெரிக்க நீதிமன்றம் 1.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மாணவர் ஒருவர் நள்ளிரவில் ஒரு கட்டுரை கிடைக்காமல் தவிக்கும்போது அங்கே போவதை நான் பழிக்கமாட்டேன். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து லட்சக்கணக்கான கட்டுரைகளைத் தரவிறக்கியதற்காகக் குற்றவழக்கை எதிர்கொண்டு, விசாரணை தொடங்குமுன்பே 2013 ஜனவரியில் 26 வயதில் உயிரை மாய்த்துக்கொண்ட அமெரிக்க நிரலாளர் ஆரன் சுவார்ட்ஸை நினைத்தால் இந்தப் பேச்சில் சட்டம் மட்டுமே எல்லாம் என்று சொல்லவும் மனம் வராது. ஆனாலும் சை-ஹப்பிலிருந்து எடுத்த கட்டுரையை மொழிபெயர்த்து வெளியிட முடியாது, படத்தைப் பாடநூலில் சேர்க்க முடியாது, வகுப்பு முழுவதற்கும் முறைப்படி வழங்க முடியாது. தனியொருவரின் பசியை அது தீர்க்கும்; பொதுப் பயன்பாட்டுக்கு அதை வைத்து எதையும் கட்ட இயலாது.

சட்டப்படியான வழிகளுக்கு நிறங்களால் பெயர் வைத்திருக்கிறார்கள். பச்சை வழியில், கட்டுரை எந்த இதழில் வந்தாலும், மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட தம்முடைய கையெழுத்துப் படியை ஆசிரியர் ஒரு பொதுக் களஞ்சியத்தில் இடுகிறார். தங்க வழியில் இதழே திறந்திருக்கிறது. தங்கத்தில்தான் எல்லாரும் மயங்கினார்கள், தங்கத்தில்தான் சிக்கலும் வந்தது. படிப்பவரிடம் வாங்காத பணத்தை எழுதுபவரிடம் வாங்கலாம் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்ததும், கட்டணச் சுவர் இடித்து அகற்றப்படுவதற்குப் பதிலாக நூலக வாசலிலிருந்து ஆய்வக வாசலுக்கு இடம்பெயர்ந்தது. 2021இல் நேச்சர் இதழ் ஒரு கட்டுரையைத் திறந்த நிலையில் வெளியிட ஆசிரியரிடம் கேட்ட தொகை 9,500 யூரோ. கட்டுரைக்கு இவ்வளவு என்று வருமானம் வரும்போது அதிகக் கட்டுரைகளை ஏற்பதே ஆதாயம். அதனால் பணத்தை வாங்கிக்கொண்டு மதிப்பாய்வே இல்லாமல் எதையும் வெளியிடும் போலி இதழ்கள் புற்றீசலாகக் கிளம்பின. பெயர் பெற்ற நிறுவனங்களும் தப்பவில்லை: வைலி பதிப்பகம் 2021இல் விலைக்கு வாங்கிய ஹிந்தாவி இதழ்களிலிருந்து, 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. திறந்த அணுகலே தரக்கேட்டுக்குக் காரணம் என்று இதைக் காட்டிச் சொல்வோர் உண்டு. காரணம் திறப்பில் இல்லை. கட்டுரையின் எண்ணிக்கையை வருமானத்தோடு கட்டிவைத்ததில் இருக்கிறது.

எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் வாங்காமல், பல்கலைக்கழகங்களும் சங்கங்களும் பொது நிதியும் தாங்கும் வைர வழி ஒன்றும் உண்டு. அதைப் பற்றி ஐரோப்பாவில் மாநாடுகள் கூட்டத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, 1998இல், பிரேசிலில் தொடங்கிய சியெலோ என்ற இதழ்த் தொகுப்புத் தளம் அதை இலத்தீன் அமெரிக்காவில் நடத்திக் காட்டிவிட்டது. போர்த்துகீசியத்திலும் ஸ்பானிய மொழியிலும் வரும் இதழ்களுக்கு அங்கே இடம் உண்டு என்பதை நான் சற்றுப் பொறாமையோடுதான் பார்க்கிறேன். இன்னொரு நிகழ்ச்சியும் எனக்குத் தெம்பு தருவது. 2015இல் மொழியியல் இதழான லிங்குவாவின் ஆசிரியர் குழு, பதிப்பகத்தோடு ஒத்துவராமல், முழுமையாக விலகி குளோசா என்ற திறந்த இதழைத் தொடங்கியது. இதழின் மதிப்பு அட்டையில் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் இருக்கிறதா என்ற கேள்விக்கு எழுத்தாளர்களும் மதிப்பாய்வாளர்களும் அவர்கள் பின்னால் நடந்து விடை சொன்னார்கள்.

நிதி வழங்குபவர்கள் மனம் வைத்தால் இவையெல்லாம் விரைவாக நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2008 முதல், தாம் பணம் கொடுத்த ஆய்வின் கட்டுரைகள் ஓராண்டுக்குள் பொதுக் களஞ்சியத்துக்கு வந்தாக வேண்டும் என்றன. 2025 ஜூலை முதல் அந்த ஓராண்டுத் தவணையும் நீங்கிவிட்டது. 2008க்கு முன் சில ஆண்டுகள் இதையே வேண்டுகோளாக விடுத்தபோது பெரும்பாலான ஆய்வாளர்கள் அசையவே இல்லை. கட்டாயம் ஆக்கிய பிறகே அசைந்தார்கள். எங்கள் இனத்தின் சோம்பலை நான் நன்கறிவேன்.

கல்வி வளங்களுக்கு வருவோம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் எல்லாருக்கும் திறந்துவிடப்போவதாக 2001 ஏப்ரலில் அறிவித்தபோது, பல்கலைக்கழகங்கள் இணையவழிக் கல்வியை விற்றுப் பணம் பார்க்கும் கனவில் இருந்தன. மறுஆண்டு யுனெஸ்கோ கூட்டிய அரங்கு ஒன்றில்தான் திறந்த கல்வி வளங்கள் என்ற சொற்றொடர் பிறந்தது. 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வெளிவந்ததும், வழக்கறிஞர் துணையில்லாமலேயே ஒரு ஆசிரியர் தம் பாடத்தை முறைப்படி திறந்துவிட வழி கிடைத்தது. எந்த உரிமத்தைத் தேர்வது என்பதில்தான் நல்லெண்ணம் கொண்டவர்களே தவறுகிறார்கள். யாராவது என் எழுத்தைக் கெடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் பலர் மாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்துவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பும் மாற்றமே என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அந்த ஒரு நிபந்தனையால் அந்தப் பாடம் எழுதப்பட்ட மொழியை விட்டு ஓர் அடிகூட நகர முடியாமல் நின்றுவிடுகிறது. உலகின் பெரும்பாலான மாணவர்கள் அந்த மொழிக்கு வெளியே இருக்கிறார்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனையும் தோன்றுவதுபோல் எளிதன்று; அடக்க விலைக்குப் படியெடுத்துக் கொடுப்பவரும், கட்டணம் வாங்கும் பள்ளியும் வணிகமா இல்லையா என்று தெரியாமல், தயங்கி விட்டுவிடுவார்கள். பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வதே பாடங்களுக்கு ஏற்றது என்பது என் முடிவு.

உரிமம் சரியாக இருந்தும் கோப்பின் வடிவம் காலைவாரிவிடும் இடங்களும் உண்டு. இதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. நூலகவியலாளர் ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பது. முற்காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் நூல்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததைச் சொல்லித்தான் அவர் அந்த விதியை விளக்கத் தொடங்குவார். எழுத்துருவைச் சரியாகப் பதிக்காத பிடிஎஃப் கோப்பு இன்றைய சங்கிலி என்றே எனக்குத் தோன்றுகிறது. படிக்கலாம், தேட முடியாது, ஒரு பத்தியைப் படியெடுத்தால் குப்பையாக வரும், பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டாது, ஒரு தவறைத் திருத்த வேண்டுமென்றால் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். பாடத்தைத் திறப்பவர் அதன் மூலக் கோப்பையும், படங்களைத் திருத்தக்கூடிய வடிவிலும் சேர்த்துத் திறந்தால்தான் எடுப்பவருக்கு உண்மையில் ஏதேனும் கிடைக்கிறது. இது கூடுதல் உழைப்பு. என் கையேட்டில் இதற்கே இரண்டு வாரம் போனது.

அந்தக் கையேட்டை முடித்த பிறகு என் பழைய கட்டுரைகளின் பக்கம் திரும்பினேன். ஒவ்வோர் இதழும் ஆசிரியருக்கு எந்தப் படியை எங்கே இட அனுமதிக்கிறது என்பதை, ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்ட திரட்டு ஒன்றில் பார்க்கலாம். பதினொரு கட்டுரைகளில் ஒன்பதுக்கு, ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியை நானே களஞ்சியத்தில் இட அனுமதி இருந்தது. அதுவும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களின் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். பதிப்பகங்களைக் குறைசொல்லி நான் பேசிய பேச்சுகளில் பாதி நேரத்தைச் செலவிட்டிருந்தால் போதும், இந்த ஒன்பதும் பல ஆண்டுகளுக்கு முன்பே திறந்திருக்கும். தேடும்போது ஏற்கப்பட்ட படி ஏழுக்குத்தான் அகப்பட்டது. மீதி இரண்டின் கடைசி வடிவம், பழுதான ஒரு கணினியோடு போய்விட்டது. உடன் எழுதியவர்களில் ஒருவருடைய பழைய மின்னஞ்சலிலிருந்து ஒன்றை மீட்டோம். மற்றொன்று கிடைக்கவில்லை.

படத்தின் கதை அதன்பிறகும் முடியவில்லை. அச்சான படத்தின் உரிமை என்னிடம் இல்லை. ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே கிடக்கும் எண்களை நான் யாரிடமும் ஒப்படைக்கவில்லை, வெறும் அளவீட்டு எண்கள் பதிப்புரிமைக்குள் வருவதுமில்லை. குறிப்பேட்டிலிருந்து அந்த அளவீடுகளைச் சரிபார்த்து, அட்டவணையாக்கி, அவற்றை வைத்துப் படம் வரையும் சிறு நிரலையும் புதிதாக எழுதி, செர்ன் ஆய்வகம் நடத்தும் ஜெனோடோ களஞ்சியத்தில், பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தோடு இட்டேன். இரண்டு புள்ளிகளை அன்று நான் தவறாக இட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. மதிப்பாய்வாளர்கள் மூவரும் அதைக் கவனித்திருக்கவில்லை, எண்களைப் பார்க்க அவர்களுக்கு வழியும் இருந்ததில்லை. அண்மையில் வேறு மொழியில் எழுதப்பட்ட பள்ளிப் பாடமொன்றில் அந்த வளைகோடு என் கண்ணில் பட்டது. அச்சுகளின் பெயர்கள் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தன, நிறங்களை மாற்றியிருந்தார்கள், என் கோடுகளைவிடத் தடிமனாக வரைந்திருந்தார்கள். படத்தின் கீழே சிறிய எழுத்தில் என் பெயர் இருந்தது. என்னிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கவில்லை.